டெர்பினாபின் முழு கோர்ஸ் சாப்பிட்டும் கால் நகம் மாறவில்லை, ஒரே மாத்திரை ஆளுக்கு ஆள் ஏன் இப்படி?

#1 பழையசெருப்பு

இரண்டு கால் கட்டைவிரல் நகமும் பல வருடமாக மஞ்சளாகி, தடித்து, ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது. பார்த்தவுடனேயே நகச்சொத்தை, அதாவது நகத்தில் பூஞ்சை என்று சொல்லி, பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாபின் 250 மி.கி. தினம் ஒன்று, 12 வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வேளை கூட விடவில்லை. போன மாதம் கோர்ஸ் முடிந்தது. நகம் அப்படியேதான் இருக்கிறது. அடிப்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவாக ஏதோ வருகிற மாதிரி தெரிகிறது, அது நிஜமா என் ஆசையா என்று தெரியவில்லை.

என் மச்சான் என்னைவிட ரொம்பச் சின்னவன், இதே மாத்திரை, இதே அளவு. அவனுக்குக் கை நகத்தில் வந்தது, பளிச்சென்று போய்விட்டது. எனக்கு இப்போது "இது கேட்கவில்லை, இன்னொரு பூஞ்சை மருந்து, இட்ராகோனசோல், மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார்கள். வயது 61. பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, அப்புறம் தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை. சிகரெட்டை விட்டாயிற்று, ஆனால் நிறைய வருடம் பிடித்தவன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், மாற்றலாமா?

#2 ஓடும்கால்

முதல் கேள்வி, நகத்தைச் சுரண்டி டெஸ்ட் எடுத்தார்களா? எனக்கும் இதே மஞ்சள், இதே தடிப்பு. கடைசியில் பூஞ்சையே இல்லை, ஓடும்போது ஷூவின் முனையில் நகம் இடித்து இடித்து வந்தது. மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே டெஸ்ட் எடுக்கச் சொன்ன டாக்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

#3 பழையசெருப்பு

இல்லை. கண்ணால் பார்த்தார்கள், எழுதினார்கள். அவ்வளவுதான்.

#4 தோல்பிரிவு_இரவுப்பணி

தோல் மருத்துவம் மேற்படிப்பு படிக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கென்று தனியாக எதுவும் சொல்ல முடியாது, பொதுவாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மச்சானோடு ஒப்பிடுவதை முதலில் விடுங்கள் ஐயா. அவருக்குக் கை நகம், உங்களுக்குக் கால் கட்டைவிரல். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும், கால் நகம் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மி.மீ. அதனால்தான் கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம் என்று வைத்திருக்கிறார்கள். நீங்கள் மாத்திரை சாப்பிட்ட மூன்று மாதத்தில் உங்கள் கட்டைவிரல் நகம் மொத்தமாக வளர்ந்ததே 3 முதல் 5 மி.மீ.தான் இருக்கும். கெட்டுப்போன நகம் திரும்ப நல்ல நகமாக மாறாது. அடியிலிருந்து புது நகம் முளைத்து அதை முன்னால் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் நீங்கள் வெட்டி எறிந்தால்தான் போகும். அதற்கு 12 முதல் 18 மாதம் ஆகும். வயதானால் இன்னும் கூட. 25 வயதுக்குப் பிறகு நகம் வளரும் வேகம் வருடத்துக்கு அரை சதவீத அளவில் குறைந்துகொண்டே வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

மாத்திரையை நிறுத்தினாலும் டெர்பினாபின் நகத்தில் சில மாதங்கள் தங்கி வேலை செய்யும். கோர்ஸ் முடிந்த அன்று நகம் அழகாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, சொல்லப்போனால் அந்த மருந்தின் தாளிலேயே முழுப் பலன் மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துத்தான் தெரியும் என்று போட்டிருக்கிறது. அதனால் "கேட்கவில்லை" என்று முடிவு கட்ட இது நேரமில்லை.

ஒன்று செய்து பாருங்கள். நல்ல நகமும் கெட்ட நகமும் சேருகிற எல்லைக்கோட்டில், நகத்தின் மேல் பரப்பில் மட்டும், நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லிய ஒரு கோடு போடுங்கள். தோலைத் தொடக் கூடாது. காலில் சர்க்கரைப் புண், மரத்துப்போதல் உள்ளவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம், பேனா மையும் ஃபோட்டோவும் போதும். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கோடு முன்னால் நகர்ந்து, அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தெளிவாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது, பொறுமைதான் தேவை. கோடு நகர்ந்தும் மஞ்சள் அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஏறியிருந்தால் பூஞ்சை ஜெயிக்கிறது. கோடே நகரவில்லை என்றால் நகம் வளரவில்லை, அப்போது காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். நிறைய வருடம் புகைபிடித்தவர் என்கிறீர்கள், நடந்தால் கெண்டைக்காலில் வலி வருமா?

#5 பழையசெருப்பு

வலி உண்டு, மாடி ஏறினால். அதற்கும் நகத்துக்கும் என்ன சம்பந்தம்?

#6 தோல்பிரிவு_இரவுப்பணி

நிறைய இருக்கிறது. மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய், ரத்தம் வழியாகக் கால் விரல் நுனிவரை வந்து, நகத்தின் படுகையிலிருந்தும் வேரிலிருந்தும் நகத்துக்குள் ஊற வேண்டும். கால் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் மருந்து போய்ச் சேருவதும் குறையும், நகம் வளர்வதும் குறையும், இரண்டு பக்கமும் அடி. நகத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அந்த வலியை முதலில் காட்டுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எளிய பரிசோதனை, ஊசி கூடக் கிடையாது.

#7 மருந்துச்சீட்டு

மருந்தாளர் நான். #1-இல் இருக்கும் ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. இட்ராகோனசோலுக்கு மாறப் போகிறவர் பிரஷர், கொலஸ்ட்ரால், கேஸ் மாத்திரை மூன்றும் சாப்பிடுகிறார். அண்ணா, அந்த மூன்றின் பெயரையும் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், "கொலஸ்ட்ரால் மாத்திரை" என்று மட்டும் சொன்னால் போதாது.

#8 பழையசெருப்பு

கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாட்டின் 20, பிரஷருக்கு அம்லோடிபின் 5, கேஸுக்கு பான்டோபிரசோல் 40.

#9 மருந்துச்சீட்டு

நினைத்தேன்.

சிம்வாஸ்டாட்டினும் இட்ராகோனசோலும் சேரவே கூடாது. கல்லீரலில் சிம்வாஸ்டாட்டினை உடைத்து வெளியேற்றும் நொதியின் பெயர் சிஒய்பி3ஏ4. இட்ராகோனசோல் அந்த நொதியை முடக்கிவிடும். ரத்தத்தில் ஸ்டாட்டின் பல மடங்கு ஏறி, தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போகலாம். லோவாஸ்டாட்டினும் இதே ரகம். அடோர்வாஸ்டாட்டினிலும் பிரச்சினை உண்டு. ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் இரண்டும் இந்த நொதியை நம்பி இல்லை, அதனால் டாக்டர் மாற்றித் தர வழி இருக்கிறது, நீங்களாக மாற்றாதீர்கள்.

"மாதத்தில் ஒரு வாரம்தானே இட்ராகோனசோல், அந்த வாரம் மட்டும் ஸ்டாட்டினை நிறுத்திக்கொள்கிறேன்" என்று சிலர் கவுன்டரில் வந்து சொல்வார்கள். ஒரு வாரம் காலை 200, இரவு 200, அப்புறம் மூன்று வாரம் விடுமுறை, கால் நகத்துக்கு இப்படி மூன்று சுற்று கொடுப்பது வழக்கம்தான். ஆனால் கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்தத் தடை தொடர்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதத்தில் ஸ்டாட்டின் சாப்பிட ஒரு வாரம்தான் மிஞ்சும்.

அம்லோடிபினின் அளவும் ரத்தத்தில் ஏறும், கால் வீக்கம் வரலாம், பிரஷர் இறங்கலாம். இங்கே முக்கியமானது இதயம். இட்ராகோனசோலுக்கு இதயத் தசையின் சுருங்கும் வலுவைக் குறைக்கும் குணம் உண்டு. 2001-இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்து, இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் நகப் பூஞ்சைக்காக இதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டம் போட்ட எச்சரிக்கையே மருந்துத் தாளில் வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான பூஞ்சை என்றால் கணக்கு வேறு. நகத்துக்காக யாரும் இதயத்தைப் பணயம் வைக்கப் போவதில்லை.

கடைசியாக பான்டோபிரசோல். இட்ராகோனசோல் காப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போடச் சொல்கிறோம். நீங்கள் காலையிலேயே அமிலத்தை அணைத்துவிடுகிறீர்கள், காப்ஸ்யூல் பாதி கரையாமலே போகும். கேஸ் மாத்திரையை விட முடியாதவர்கள் சர்க்கரை போட்ட கோலா பானத்தோடு காப்ஸ்யூலை விழுங்கச் சொல்வதுண்டு, வேடிக்கையாக இருந்தாலும் உண்மை, டயட் கோலா உதவாது. திரவ வடிவம் நேர்மாறு, அது வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். பலபேருக்கு "இட்ராகோனசோல் கேட்கவில்லை" என்பதன் பின்னணி இதுதான். பூஞ்சைக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை.

#10 பழையசெருப்பு

அட. எழுதிக் கொடுத்த இடத்தில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தச் சீட்டை இப்போதைக்கு மடித்து வைத்துவிட்டேன்.

#11 சந்தேகப்பிராணி

இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? நகம் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். 70 தாண்டினால் பாதிப் பேருக்கு இருக்கும் சங்கதி இது. ஒரு நகத்துக்காக மூன்று மாதம் மாத்திரை போட்டுக் கல்லீரலைக் கெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனமா? எங்கள் தெருவில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்ததே இந்த மாத்திரையால்தான் என்று சொன்னார்கள்.

#12 தோல்பிரிவு_இரவுப்பணி

பாதி ஒத்துக்கொள்கிறேன். நல்ல ரத்த ஓட்டம், சர்க்கரை இல்லை, வலி இல்லை, செருப்பு போட முடிகிறது, வயது 80, ஏற்கெனவே எட்டு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் "விட்டுவிடலாம் ஐயா, நகத்தை ஒழுங்காக வெட்டிக்கொள்ளுங்கள்" என்று நானே சொல்வேன். மருத்துவம் பார்க்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

கல்லீரல் விஷயத்தில் பயம் அளவுக்கு மீறியிருக்கிறது. டெர்பினாபினால் வெளிப்படையாகத் தெரிகிற கல்லீரல் பாதிப்பு 50,000 முதல் 1,20,000 சீட்டுக்கு ஒன்று என்ற அளவில்தான் மதிப்பிடுகிறார்கள். அபூர்வம், ஆனால் வந்தால் கடுமையாக வரலாம், கல்லீரல் நன்றாக இருப்பவருக்கும் வரலாம். பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் தலைகாட்டும். பசி சுத்தமாகப் போவது, குமட்டல், அசதி, சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். ஏற்கெனவே நாள்பட்ட கல்லீரல் நோய் இருந்தால் டெர்பினாபின் கூடாது. அதனால் ஆரம்பிக்கும் முன் எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஒன்று எடுப்பது வழக்கம். நடுவில் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டுமா என்பதில் எங்கள் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆரோக்கியமான இளம் வயதுக்காரருக்குத் தேவையில்லை என்று ஒரு தரப்பு. குடிப்பழக்கம் உள்ளவர், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர், மெத்தோட்ரெக்சேட் மாதிரி கல்லீரலைப் பாதிக்கக்கூடிய வேறு மருந்து சாப்பிடுபவர் என்றால் நான் எடுக்கத்தான் சொல்வேன்.

உங்கள் தெருக்காரர் சாப்பிட்டது கீட்டோகோனசோல் மாத்திரையாகவும் இருக்கலாம். அதைத்தான் கல்லீரலுக்காக 2013-இல் ஐரோப்பாவில் நிறுத்தச் சொன்னார்கள், அமெரிக்காவிலும் அதே ஆண்டு கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் நகத்துக்காக எழுதிக் கொடுத்து ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததாக 2016-இல் எஃப்டிஏ மறுபடி எச்சரித்தது. நகப் பூஞ்சைக்குக் கீட்டோகோனசோல் மாத்திரை யாராவது எழுதினால் அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

#13 சந்தேகப்பிராணி

சரி, அது எனக்குத் தெரியாத தகவல். ஆனாலும் வெற்றி விகிதம் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லையே?

#14 தோல்பிரிவு_இரவுப்பணி

சொல்கிறேன், ஆனால் எதை வெற்றி என்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். டெர்பினாபின் தாளில் கால் நகத்துக்கு இரண்டு எண் இருக்கிறது. பரிசோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்தவர்கள் 70 சதவீதம். பூஞ்சையும் போய், நகமும் முழுக்கத் தெளிந்தவர்கள் 38 சதவீதம்தான். இட்ராகோனசோலுக்கு அதே இரண்டு எண் 54, 14. பூஞ்சை செத்தும் நகம் கோணலாகவே இருப்பவர்கள் அந்த இடைவெளியில் நிற்கிறார்கள். பழையசெருப்பு ஐயா சொன்ன "மாறவில்லை" என்பது எந்த வகை என்று டெஸ்ட் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் வைத்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 1999-இல் வந்தது, சுமார் 500 பேர். 12 வாரம் டெர்பினாபின் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய 76 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது, மூன்று சுற்று இட்ராகோனசோலில் 38. அதனால்தான் காரணம் தெரியாமல் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுவது எனக்குப் பிடிக்கவில்லை.

#15 அம்மாவுக்காக

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 72, சர்க்கரை பல வருடம். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டும் வேகமான கிளியரன்ஸ் 42 என்று போன ரிப்போர்ட்டில் இருந்தது. ஐந்து விரலிலும் நகம் தடித்து, பெருவிரல் நகம் பக்கத்து விரலைக் குத்துகிறது. போன வருடம் அந்தக் குத்திய இடத்தில் புண்ணாகிக் கால் சிவந்து வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "வாரம் ஒரு மாத்திரை போதும், பக்கவிளைவு இல்லை" என்று தெரிந்தவர் ஒருவர் புளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை சொல்கிறார். கொடுக்கலாமா?

#16 மருந்துச்சீட்டு

கொடுக்காதீர்கள் அக்கா, டாக்டரிடம் கேட்காமல் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். புளூகோனசோல் தடுக்கும் நொதிகளில் சிஒய்பி2சி9 ஒன்று. கிளிமெபிரைடு உடைவது அதில்தான். சர்க்கரை திடீரென்று கீழே போய், வயதானவர் இரவில் மயங்கி விழலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடோயின் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தவிர புளூகோனசோல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது, கிளியரன்ஸ் 42-இல் அளவைக் குறைக்க வேண்டிவரும். "வாரம் ஒன்று" என்றாலும் கால் நகத்துக்கு ஆறு மாதம், சில நேரம் ஒரு வருடம் இழுக்கும். நகத்தைப் பொறுத்தவரை மூன்றில் பலம் குறைந்ததும் அதுதான்.

டெர்பினாபின் சர்க்கரை மாத்திரையோடு பெரிதாக மோதாது, சர்க்கரை நோயாளிகளுக்கு அதையே முதலில் நினைப்பார்கள். ஆனால் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 50 அல்லது அதற்குக் கீழ் என்றால் பரிந்துரைப்பதில்லை என்று தாளில் இருக்கிறது, மருந்து வெளியேறுவது பாதியாகக் குறைந்துவிடும். அம்மாவுக்கு 42.

#17 தோல்பிரிவு_இரவுப்பணி

#15-க்கு: சந்தேகப்பிராணி கேட்ட "ஒரு நகத்துக்காகவா" என்ற கேள்விக்கு உங்கள் அம்மாதான் பதில். உணர்ச்சி குறைந்த காலில் தடித்த நகம் குத்தினால் தெரியாது, அந்தப் புண் வழியாகக் கிருமி நுழையும். அவருக்கு மருத்துவம் அவசியம். அது மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கால் பராமரிப்புப் பயிற்சி உள்ளவரிடம் நகத்தை இயந்திரத்தால் தேய்த்து மெலிதாக்குவது, 40 சதவீத யூரியா களிம்பு போட்டு மென்மையாக்கி அகற்றுவது, அதன் மேல் அமோரோல்ஃபின் அல்லது எஃபினகோனசோல் மாதிரி பூச்சு மருந்து. பூச்சு என்றால் ஏறக்குறைய ஒரு வருடம் விடாமல் பூச வேண்டும். கண் பார்வை, குனிந்து கால் விரலைத் தொடும் சக்தி இரண்டும் அம்மாவுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள், இல்லையென்றால் பூசிவிட வீட்டில் ஆள் வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தோன்றும், நான் பார்த்த பூச்சு மருந்துத் தோல்விகளில் நிறைய இங்கேதான் நடந்தது. வீட்டில் பிளேடு, கத்திரி வைத்து நீங்களாகச் சீவ வேண்டாம்.

சர்க்கரை இருந்தாலே டெர்பினாபின் கேட்காது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அப்படி இல்லை. சர்க்கரையோடு ரத்தக்குழாய் அடைப்பும், நரம்புக் கோளாறும், கட்டுக்கடங்காத அளவும் சேரும்போதுதான் முடிவு மோசமாகிறது.

#18 அம்மாவுக்காக

நன்றி. சிறுநீரக டாக்டர், சர்க்கரை டாக்டர் இருவரிடமும் இந்த எண்களோடு போகிறேன்.

#19 நீள்நடை

டெஸ்ட் டெஸ்ட் என்கிறீர்கள், எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. காலில் சேற்றுப்புண், பக்கத்திலேயே நகம் மஞ்சள், ஒரு காலில் மட்டும், பார்த்தாலே தெரிகிறது. கல்ச்சர் (மாதிரியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) ரிப்போர்ட் வர மூன்று நான்கு வாரம், அதிலும் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வருவது சகஜம். அதுவரை சும்மா இருப்பதா? நேராக டெர்பினாபின் ஆரம்பிப்பதில் என்ன தப்பு?

#20 தோல்பிரிவு_இரவுப்பணி

அப்படி வாதிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள், உங்கள் உதாரணத்தில் உள்ள மாதிரி அடையாளங்கள் சேர்ந்திருந்தால் ஊகம் சரியாகவே இருக்கும். ஆனால் கோணலான நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி சொரியாசிஸ், ஷூ இடி, முதுமைத் தடிப்பு, இன்னும் என்னென்னவோ. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 2013-இல் வெளியிட்ட "செய்யாதீர்கள்" பட்டியலில் பூஞ்சையை உறுதி செய்யாமல் நகத்துக்கு வாய்வழி மருந்து எழுதாதீர்கள் என்பதும் உண்டு.

இன்னொரு காரணம், எந்தப் பூஞ்சை என்று தெரிய வேண்டும். பெரும்பாலும் டிரைகோஃபைட்டன் ரூப்ரம், அதற்கு டெர்பினாபின் நன்றாகக் கேட்கும். எப்போதும் தண்ணீரில் கை நனைகிறவர்களின் கை நகத்தில் கேண்டிடா வரலாம், அதற்கு டெர்பினாபின் சுமார்தான், இட்ராகோனசோல், புளூகோனசோல் மாதிரி அசோல் வகைதான் கேட்கும். ஸ்கோபுலாரியோப்சிஸ், ஃபியூசேரியம் மாதிரி மண்ணில் வாழும் பூசணங்கள் வந்தால் மாத்திரை மட்டும் போதாமல் நகத்தை அகற்றவும் வேண்டிவரும்.

மாதிரி எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. முனையில் உதிர்கிற தூளைக் கொஞ்சம் கிள்ளி அனுப்பினால் செத்த பூஞ்சையும் அழுக்கும்தான் போகும். முன்பக்கத்தை நன்றாக வெட்டிவிட்டு, நகத்துக்கு அடியில் ஆழமாக, நல்ல நகத்தை ஒட்டிய இடத்தில் மாவு மாதிரி இருப்பதைச் சுரண்ட வேண்டும். அங்கேதான் உயிருள்ள பூஞ்சை முன்னேறிக்கொண்டிருக்கும். கேஓஹெச் என்ற காரக் கரைசல் போட்டு மைக்ராஸ்கோப்பில் அன்றே பார்த்துவிடலாம். நகத்துண்டை வெட்டி, பூஞ்சையை எடுத்துக் காட்டும் பிஏஎஸ் சாயம் ஏற்றிப் பார்ப்பது இன்னும் நம்பகமானது.

பழையசெருப்பு ஐயாவுக்கு இதில் ஒரு சிக்கல். மாத்திரை இப்போதுதான் முடிந்திருப்பதால் நகத்தில் மருந்து இன்னும் இருக்கும், கல்ச்சரில் முளைக்காமல் போகலாம். மைக்ராஸ்கோப்பிலோ, பூஞ்சையின் மரபணுவைத் தேடும் பிசிஆர் டெஸ்டிலோ செத்த பூஞ்சையும் தெரியும். அதனால் இன்று எடுக்கும் ரிப்போர்ட்டை அப்படியே நம்ப முடியாது, கோடு போட்டுச் சில மாதம் பார்த்துவிட்டு எடுப்பது மேல்.

#21 ஓடும்கால்

நகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கு மதிப்பெண் ஏதோ உண்டு என்று என் டாக்டர் சொன்னாரே?

#22 தோல்பிரிவு_இரவுப்பணி

ஓஎஸ்ஐ, அதாவது நகப் பூஞ்சைத் தீவிர மதிப்பெண். 2011-இல் வந்தது. நகத்தில் எவ்வளவு பரப்பு கெட்டிருக்கிறது என்பதற்கு ஐந்துக்குள் ஒரு எண், கெட்டது நகத்தின் வேருக்கு எவ்வளவு கிட்டப் போயிருக்கிறது என்பதற்கு ஐந்துக்குள் ஒரு எண், இரண்டையும் பெருக்க வேண்டும். நகத்துக்கு அடியில் 2 மி.மீ.க்கு மேல் தடிப்பு இருந்தாலோ, பூஞ்சை கெட்டியாக உருண்டு மஞ்சள் பட்டையாகவோ திட்டாகவோ இருந்தாலோ மேலே 10 கூட்ட வேண்டும். 16-லிருந்து தீவிரம். அந்தப் பத்து மதிப்பெண் ஏன் என்றால், அந்த உருண்டைக்குள் மருந்து நுழைவதே இல்லை. எத்தனை மாதம் மாத்திரை கொடுத்தாலும் உள்ளே பூஞ்சை சௌகரியமாக இருக்கும், வெட்டித் திறந்து சுரண்டி எடுத்தால்தான் உண்டு. நகத்தின் பக்கவாட்டு ஓரத்தில் இருப்பதும் பிடிவாதமானது.

#23 பழையசெருப்பு

இப்போது வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வலது காலில் நடுவில் ஒரு மஞ்சள் பட்டை நீளமாக அடிவரை போகிறது. இடது காலில் அது இல்லை. இடதில்தான் அடியில் தெளிவாக வருகிற மாதிரி இருக்கிறது.

#24 தோல்பிரிவு_இரவுப்பணி

அதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஃபோட்டோவோடு. ஒரே ஆள், ஒரே மருந்து, ஒரே ரத்தம், இரண்டு நகம் இரண்டு விதமாகப் போகிறதென்றால் மருந்தை மாற்றுவதைவிட வலது நகத்தைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

#25 குட்டிநகம்

என் மகனுக்கு 9 வயது. குழந்தைகளுக்கு இந்த மாத்திரை கொடுப்பார்களா?

#26 தோல்பிரிவு_இரவுப்பணி

கொடுப்பார்கள், எடையைப் பொறுத்து. 20 கிலோவுக்குக் கீழ் 62.5 மி.கி., 20 முதல் 40 வரை 125, அதற்கு மேல் பெரியவர்கள் அளவு. குழந்தைகளின் நகம் மெலிது, வேகமாக வளரும், பெரியவர்களைவிட நன்றாகவே குணமாகும். வீட்டில் யாருக்குச் சேற்றுப்புண், நகச்சொத்தை இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும், அவரையும் சேர்த்துக் கவனிக்கவில்லை என்றால் திரும்ப வரும். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை எதுவும் வேண்டாம், பிரசவமும் பால் கொடுப்பதும் முடியட்டும், நகம் எங்கும் ஓடிவிடாது.

#27 காரமில்லை

மாத்திரை ஆரம்பித்துச் சில வாரத்தில் என் அப்பாவுக்கு நாக்கில் ருசியே போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறார், ஆளே இளைத்துவிட்டார். இதுவும் அந்த மாத்திரையா?

#28 மருந்துச்சீட்டு

டெர்பினாபின் என்றால் ஆம், தெரிந்த பக்கவிளைவுதான். 65-க்கு மேற்பட்டவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், இவர்களுக்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் நிறுத்திச் சில வாரம், சில மாதத்தில் திரும்பிவிடும், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்ததும், சிலருக்குத் திரும்பாமலே போனதும் உண்டு. சாப்பாட்டையே ஒதுக்கி இளைக்கிற அளவுக்குப் போனால் நிறுத்துவது பற்றி இன்றே டாக்டரிடம் பேசுங்கள், கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வு இருந்தவர்கள், லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன்பே அதைச் சொல்ல வேண்டும். டெர்பினாபின் இரண்டையும் கிளப்பிவிடக்கூடும். அப்பா வேறு என்ன சாப்பிடுகிறார்?

#29 காரமில்லை

மெட்டோபுரோலால் மட்டும். கொஞ்ச நாளாகத் தலைசுற்றல் என்கிறார், சாப்பிடாததால் என்று நினைத்தோம்.

#30 மருந்துச்சீட்டு

நாடியை இப்போதே எண்ணிப் பாருங்கள். டெர்பினாபின் சிஒய்பி2டி6 என்ற நொதியைத் தடுக்கும், நாடியை மெதுவாக்கும் மெட்டோபுரோலால் உடைவது அதில்தான். மருந்து உடம்பில் கூடிக்கொண்டே போய் நாடி மெதுவாகி, பிரஷர் இறங்கித் தலைசுற்றல் வரும். இது இட்ராகோனசோல் மாதிரிப் பெரிய பட்டியல் இல்லை என்பதால் பலர் கவனிப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரைகளில் சில, வலி மாத்திரைகளான டிரமடால், கோடீன், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் எல்லாம் இதே நொதியில்தான். டிரமடால், கோடீனுக்கு விளைவு தலைகீழ். அவை அந்த நொதியால் மாறினால்தான் வலியை நன்றாகக் குறைக்கும், தடுத்துவிட்டால் வலி குறையவில்லை என்று ஆள் இன்னும் ஒன்றைப் போடுவார்.

#31 காரமில்லை

நாடி 46. மாத்திரையை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

#32 மருந்துச்சீட்டு

தலைசுற்றலும் 46-ம் சேர்ந்தால் இன்றைக்கே டாக்டரிடமோ எமர்ஜென்சியிலோ காட்டுங்கள், இசிஜி எடுப்பார்கள். மெட்டோபுரோலாலை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், அது வேறு ஆபத்து. டெர்பினாபினை இன்று நிறுத்தினாலும் நாளைக்கே விளைவு போய்விடாது. அது கொழுப்பிலும் தோலிலும் ஊறிக் கிடந்து மெதுவாக வெளியே வருகிற மருந்து, கடைசிக் கட்டத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 200 முதல் 400 மணி நேரம் ஆகும். நொதி பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரம், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதனால் அங்கே போனதும் "நிறுத்திவிட்டோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எப்போது ஆரம்பித்தது, எப்போது நிறுத்தியது, இரண்டு தேதியையும் சொல்லுங்கள். இரண்டு மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

#33 காரமில்லை

கிளம்பிவிட்டோம்.

#34 நீள்நடை

அதற்கிடையில் ஒரு சின்னச் சந்தேகம், டெர்பினாபின் வேலை செய்யாத பூஞ்சையும் வந்துவிட்டது என்று படித்தேன், உண்மையா?

#35 தோல்பிரிவு_இரவுப்பணி

உண்மை. டெர்பினாபின் தாக்குகிற ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் என்ற நொதியின் மரபணுவில் மாற்றம் வந்த பூஞ்சைகள் இருக்கின்றன. டிரைகோஃபைட்டன் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயர் வைத்த இனம் அதற்குப் பேர்போனது, அது பெரும்பாலும் தோலில் பிடிவாதமான படர்தாமரையாக வரும், நகத்திலும் வரலாம். ரூப்ரத்திலும் அந்த மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நகம் குணமாகாத எல்லோரும் இதைக் காரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நான் முதலில் கேட்பது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, பூஞ்சைதானா, ரத்த ஓட்டம் எப்படி, நகம் எவ்வளவு தடிப்பு. இது எல்லாம் தாண்டி, கல்ச்சரில் பூஞ்சை உயிரோடு முளைத்தால்தான் எதிர்ப்புத்திறன் டெஸ்டுக்கே போவோம்.

#36 பழையசெருப்பு

கால் ரத்த ஓட்டத்துக்கு நாளைக்கு நேரம் வாங்கியாயிற்று. ஸ்டாட்டின் விஷயத்தையும் கேட்கிறேன். மருந்துச்சீட்டு தம்பி, இன்னும் ஒன்று. முழங்கால் வலிக்கு எப்போதாவது டிரமடால் போடுவேன், டெர்பினாபின் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இப்போது போட்டால் வேலை செய்யுமா?

#37 மருந்துச்சீட்டு

குறைவாக வேலை செய்யலாம் அண்ணா. வலி நிற்கவில்லை என்று இரண்டாவது மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள், நாளைக்குப் போகும்போது அதையும் மருந்துப் பட்டியலில் எழுதிக் கொடுங்கள்.